நாற்பத்தேழு கேசட், இரண்டு டிஸ்க்

ரிப்பேருக்கு வரும் கம்ப்யூட்டர் பெட்டிகளின் மேல் ஒரு சீட்டு ஒட்டுவது எங்கள் கடை வழக்கம். பெயர், ஊர், போன் நம்பர், கடைசியில் 'என்ன கோளாறு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஆட்கள் கதையே எழுதுவார்கள். இடி இடித்த நாளிலிருந்து என்று தொடங்கி, சீட்டின் பின்பக்கம் வரை போகும். அவர் ஒரே ஒரு சொல் எழுதினார்: மெதுவு.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் அப்போது நான் வேலை பார்த்த கடை. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், "மெக்கானிக் எப்ப வருவாரு?" என்று கேட்காதவர்கள் குறைவு. அவர் கேட்கவில்லை. மொபெட்டில் துண்டு போட்டுக் கட்டிக் கொண்டுவந்த சிபியுவை என் மேசையில் வைத்துவிட்டுச் சீட்டை நிரப்பினார். அதை நான் பெரிய மரியாதையாக எடுத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் யாரிடமும் எதையுமே கேட்கிறவர் அல்ல.

"மெதுவுன்னா எப்படிங்கய்யா? ஆன் ஆகவே நேரமாகுதா, இல்ல ஏதாச்சும் தொறந்தாலா?"

"ரெண்டும்."

"என்ன வேலைங்கய்யா பாக்குறீங்க இதுல?"

"கேசட்."

அறுபத்தைந்து வயதிருக்கும். கட்டையான உடம்பு, வெயிலில் கருத்துக் கெட்டிப்பட்ட கழுத்து. சவூதியில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டியவர் என்பதைக் கடைக்கார அண்ணன்தான் சொன்னார். பழைய ஆடியோ கேசட்டுகளை ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார், ஒரு கேசட் முழுசாக ஏறினால் பெரிய ஃபைல் ஆகிறது, அதைத் திறக்க ஐந்து நிமிடம், வெட்ட ஐந்து நிமிடம், சேமிக்கப் பத்து நிமிடம் என்பதை நானாகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழைய பாட்டுப் பைத்தியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். மகள் காலேஜ் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர். ஹார்ட் டிஸ்க் களைத்துப்போயிருந்தது. மறுநாள் வந்தவரிடம் வழிகளைச் சொன்னேன். ஒன்று, ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு எஸ்எஸ்டி என்கிற வேகமான புது வகை டிஸ்க் மட்டும் போடுவது. வேகம் பறக்கும், ஆனால் அன்றைக்கு எங்களிடம் இருந்தது சின்ன அளவு, அவருடைய ஃபைல்களால் கொஞ்ச நாளில் நிரம்பிவிடும். இரண்டு, விண்டோஸுக்கு எஸ்எஸ்டி, ஃபைல்களுக்கு ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்திருக்கும், கேசட் ஃபைல் மட்டும் பழைய நடைதான் நடக்கும். மூன்று, இரண்டு புது ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு ஒன்றில் இருப்பதே இன்னொன்றிலும் இருக்கும்படி வைப்பது. அது பத்திரம். வேகம் கூடாது. நான்கு, அதே இரண்டு டிஸ்க்கையும் ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஃபைலையும் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத வைப்பது.

"நாலாவதுல?"

"ரெட்ட வேகம்ங்கய்யா."

"அது."

அதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு ஃபைலும் பாதி இங்கே, பாதி அங்கே என்பதால், இரண்டில் ஏதாவது ஒரு டிஸ்க் போனாலும் எல்லாமே போய்விடும். இந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. படித்துத் தெரிந்துகொண்டதை நான் அதுவரை யாருக்கும் செய்து பார்த்ததில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு பிரிண்டரும் ஆன்லைன் ஃபாரமும் போதும். முதல்முதலாக ஒருவர் வேகம் கேட்டு வந்திருக்கிறார். பயமுறுத்தினால் அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது. அவ்வளவுதான்.

பெட்டியை மாட்டிக் கொடுக்க அவர் வீட்டுக்கு நானே போனேன். டவுனிலிருந்து மூன்று கிலோமீட்டர், இரண்டு பக்கமும் தென்னை. சவூதி சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. நான்கு அறைகளில் மூன்று பூட்டியிருந்தன. கூடத்தில் இரண்டு நாற்காலி. ஒன்றின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவே இல்லை. அந்த நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். உட்கார்ந்ததும் உறை சத்தம் போட்டது. மேசையில் டேப் ரிக்கார்டர், அதன் பக்கத்தில் திறந்த சூட்கேஸ், அதற்குள் வரிசையாக அடுக்கிய கேசட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் பேனாவால் நம்பர் எழுதியிருந்தது. நாற்பத்தேழு.

பாட்டு என்று நினைத்து ஒன்றைத் திறந்து வேகத்தைக் காட்டினேன். ஐந்து நிமிடம் காத்திருந்து பழகியவர், கண்ணை இடுக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார். ஃபைல் முழுசாக விரிந்து நின்றது. அவர் சிரித்தார். கொஞ்சமாக, வாயின் ஒரு ஓரத்தில்.

நான் ப்ளே பட்டனை அழுத்தினேன். ஒரு ஆண்குரல். அவருடைய குரல்தான், இளம் வயசுக் குரல். "நல்லா இருக்கேன். சாமான் குடுத்து விட்டுருக்கேன். புள்ளயப் பாத்துக்க. வைக்கிறேன்." டக் என்று ஒரு சத்தம். அது அடங்கியதும் ஒரு பெண், பேச்சின் நடுவிலிருந்து, ஓட்டமாக: "...ந்துருச்சு, நான் சொன்னேன் கேக்கல, கன்ன அங்கிட்டு கட்டுனா அது கயித்த அத்துட்டு இங்கிட்டுதான் வருது. ஒங்க மக அதுக்குப் பேரு வச்சிருக்கா, கேட்டா சிரிப்பீக..."

அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

அன்றைக்கு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே ஒன்றாகச் சொல்கிறேன். அவர் சொன்னது துண்டு துண்டாகத்தான். அந்தக் காலத்தில் சவூதிக்குப் போகிறவர்கள் கையில் வீட்டுக்காரம்மாக்கள் கேசட்டில் பேசிக் கொடுத்து விடுவார்கள். இவர் மனைவி ஒவ்வொரு தடவையும் புதுக் கேசட் வாங்கி, இரண்டு பக்கமும் நிரம்பப் பேசி அனுப்புவார். இவர் அதை ஒருமுறை கேட்டுவிட்டு, அதே கேசட்டின் மேலேயே தன் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவார். மனைவி அதை அழிக்க மனமில்லாமல் சூட்கேஸில் வைத்துவிட்டு, அடுத்ததற்குப் புதுசு வாங்குவார். இவர் ஒரே அடியாக ஊர் திரும்பியபின் அந்த அம்மா பதினான்கு மாதம்தான் உயிரோடு இருந்தார். அவர் போனபிறகு சூட்கேஸைத் திறந்தபோது, உள்ளே இருப்பது எல்லாம் தன் குரல் என்றே இவர் நினைத்தார். சும்மா ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார். தன் நான்கு வாக்கியம் முடிந்ததும் மனைவி பேச ஆரம்பித்திருக்கிறார்.

இவர் பேச்சு எப்போதும் ஐந்து நிமிடத்தைத் தாண்டியதில்லை. அதனால் மிச்சம் எல்லாம் அந்த அம்மாவின் குரலாகவே இருந்தது.

"ஏங்கய்யா அவ்வளவு கொஞ்சமாப் பேசுனீங்க?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

"எட்டுப் பேரு ரூம்ல. எல்லாருக்கும் கேக்கும்."

மற்றவர்கள் கம்பளியைத் தலையோடு மூடிக்கொண்டு பேசுவார்களாம். இவருக்கு அது வரவில்லை.

வேகம் எதற்கு என்பதையும் அன்றுதான் சொன்னார். அதுவரை ஏற்றிய எல்லாக் கேசட்டிலும் அந்த அம்மாவின் பேச்சு இருந்தது. ஆரம்பம் மட்டும் இல்லை. ஆரம்பத்தின் மேல்தான் இவர் பேசியிருந்தார். எடுத்த எடுப்பில் மனைவி தன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டுத் தொடங்குவார் என்று இவருக்கு ஞாபகம் வரவில்லை. நேரில் அப்படிக் கூப்பிட்டதில்லையாம். கேசட்டில் மட்டும் ஒரு வார்த்தை உண்டாம். அது எதிலாவது தப்பித்துக் கிடக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றாவது நான் சொல்லியிருக்கலாம். ஐயா, இந்த டிஸ்க்கை நம்பாதீங்க, தனியா ஒரு பிரதி எடுத்துக்குவோம் என்று. அவர் அந்த ஃபைலை இன்னொருமுறை மூடித் திறந்து, வேகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பின் எட்டு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. டவுனுக்கு வந்தால் மாடியேறி வந்து ஸ்டூலில் உட்காருவார். "பதிமூணு" என்பார். பதின்மூன்று கேசட் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவர் எங்கள் கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஓசூரிலிருக்கும் மகள் ஒருநாள் போன் செய்தாள். "ம். சாப்பிட்டேன். ஆமா. சரி. வை." போனைப் பையில் போட்டுவிட்டு, அது இருந்த இடத்தைச் சட்டைக்கு மேலாக இரண்டு தரம் தட்டிக்கொடுத்தார். மகள் பேசி முடிக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. கடைக்கார அண்ணன், "இவருகிட்ட பேசுறதும் செவுத்துக்கிட்ட பேசுறதும் ஒண்ணு" என்பார். எனக்கு அப்படி இல்லை. அவர் வந்து உட்கார்ந்திருந்தால் கடையில் ஒரு அமைதி இருக்கும். போனபிறகு அந்த அமைதி இருக்காது.

ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன். அவர் நம்பரிலிருந்து எனக்கு வந்த முதல் போன் அது.

"கெடச்சிருச்சு."

"என்னங்கய்யா கெடச்சுச்சு?"

"ஆரம்பம்."

வைத்துவிட்டார். பத்தொன்பதாம் நம்பர் கேசட். அந்தச் சமயம் அவர் கையில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்ததால், ரிக்கார்ட் பட்டனை அழுத்த முடியாமல், பதில் பேசாமல் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறார். அதை அவரே மறந்துபோயிருந்தார். கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்துவிட்டுப் பின்னுக்கு ஓட்டும்போது டேப் ரிக்கார்டர் நாடாவை மென்றுவிட்டது. முன்பகுதி கசங்கி அறுந்துபோனது. அதற்காக அவர் கவலைப்படவில்லை. கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே.

முப்பத்தொன்றாவது கேசட்டில் இருக்கும்போது அந்த இரண்டில் ஒரு டிஸ்க் போனது.

பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். சீட்டு எழுதவில்லை. நான் மாட்டிப் பார்த்தேன். இரண்டு டிஸ்க்கில் ஒன்று டக்டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது, பிறகு அதுவும் இல்லை. கெட்ட டிஸ்க்கிலிருந்து ஃபைலை மீட்டுத் தருகிற மதுரைக் கடைக்கு அனுப்பினோம். பத்து நாள் கழித்து, ஒன்றும் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"டிஸ்க் போச்சு, அவ்வளவுதான் சொல்லணும்" என்றார் கடைக்கார அண்ணன். "டிஸ்க்குன்னா போகத்தான் செய்யும். வேற ஒண்ணும் நீ வாயத் தொறக்காத."

அவர் வந்தபோது அண்ணன் கடையில்தான் இருந்தார். நான் எழுந்து நின்றேன்.

"ஒரு டிஸ்க் போயிருச்சுங்கய்யா. ஆனா ரெண்டுலயும் பாதிப் பாதியா எழுதியிருந்ததால எல்லாமே போயிருச்சு. அப்படி வச்சா ஒண்ணு போனாலும் மொத்தமும் போகும்."

அவர் என்னைப் பார்த்தார்.

"மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்ங்கய்யா."

பெட்டியின் மேல் கையை வைத்தார்.

"சொல்லலையே" என்றார்.

கத்தியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேன். அவர் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.

இரண்டு வாரம் அவர் வரவில்லை. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். பையில் ஒரு எஸ்எஸ்டி, ஒரு புது ஹார்ட் டிஸ்க், வெளியே மாட்டுகிற டிஸ்க் ஒன்று. கதவைத் திறந்தவர் என்னையும் பையையும் பார்த்தார். திட்டுவார், இல்லை கதவைச் சாத்துவார் என்று நினைத்தேன்.

"வா" என்றார்.

முதலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். விண்டோஸும் அன்றைக்கு வேலை நடக்கிற ஒரு கேசட்டும் மட்டும் எஸ்எஸ்டியில். வேகம் அங்கேதான் வேண்டும். முடிந்த கேசட் உடனே ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். அதே நாளில் வெளி டிஸ்க்கிலும் ஒரு பிரதி. வெளி டிஸ்க்கைக் கழற்றி வேறு அறையில் வைக்க வேண்டும். "எதுல எது போனா என்ன ஆகும்னு கேளுங்கய்யா, சொல்றேன்" என்றேன். அவர் கேட்கவில்லை. பூட்டியிருந்த மூன்று அறைகளில் ஒன்றைத் திறந்து, உள்ளே ஒரு அலமாரியைக் காட்டினார். அதில் மடித்த புடவைகள் இருந்தன. அவற்றின் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

முப்பத்தொரு கேசட்டையும் மறுபடி ஓட்ட வேண்டியிருந்தது, மிச்சப் பதினாறு வேறு. ஐந்து மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். உறை பிரிக்காத நாற்காலியில் நானும் மற்றதில் அவரும் உட்கார்ந்திருப்போம். கேசட் ஓடும் நேரத்துக்கு ஓடித்தான் ஆகவேண்டும், அதை எந்த டிஸ்க்காலும் வேகப்படுத்த முடியாது. அந்த அம்மா பேசிக்கொண்டே இருப்பார். முந்திரி பூத்தது, மகளுக்கு முன்பல் விழுந்தது, போர் போட்டுத் தண்ணீர் வராதது, ஆலங்குடியில் யார் கல்யாணத்தில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. ஒரு கேசட்டில் பேசச் சரக்குத் தீர்ந்துபோய், "சரி, சும்மா ஓடட்டும், நம்ம வீட்டுச் சத்தத்தக் கேளுங்க" என்று வைத்துவிட்டுப் போயிருந்தார். கோழி, பாத்திரம், தூரத்தில் பஸ் ஹாரன், அந்த அம்மா யாரையோ அதட்டுவது. இருபது நிமிடம். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் மறுபடி ஓட்டச் சொன்னார்.

இன்னொன்றில் அந்த அம்மா அவரிடம் கெஞ்சினார். "அடுத்த வீட்டுக்காரிக்கு அவ வீட்டுக்காரரு ரெண்டு பக்கமும் பேசி அனுப்பிருக்காகளாம். வந்து வந்து சொல்றா. நீங்க நாலு வார்த்தைல முடிச்சுப்புடுறீக. என்னத்தையாச்சும் பேசுங்க, வையவாச்சும் செய்யுங்க, கேட்டுக்கிறேன்."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேசிருந்தா," என்றார் அவர். நிறுத்தினார். "பேசிருந்தா இது அழிஞ்சிருக்கும். பேசாததால அவ பேச்சு கெடக்கு. அவ இருந்தப்ப அவளுக்கு எம்பேச்சு இல்ல. பதினாலு மாசம் இங்க கூடவே இருந்தேன். அப்பயும் பேசல ஆத்தா."

அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். உடனே எழுந்து போய் டீ போட்டார்.

பத்தொன்பதாம் நம்பரைக் கடைசிக்கு வைத்திருந்தோம். திருகாணிகளைக் கழற்றி, நாடாவை எடுத்து, கசங்கிய பகுதியை விரலால் நீவி நீவி வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றினேன். அறுந்த இடத்தை மெல்லிய டேப்பால் ஒட்டினேன். மோசமாகக் கசங்கியிருந்தது ஒரு சாண் நீளம்தான். கேசட்டில் ஒரு சாண் நாடா என்பது நான்கைந்து நொடி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். கரகரவென்று ஒரு இரைச்சல், அதற்குள் ஏதோ ஒரு குரல் நசுங்கியது, பிறகு தெளிவாக: "...நல்லா இருக்கீகளா? இங்க எல்லாரும் சௌக்கியம்."

மூன்று முறை ஓட்டினேன். சத்தத்தைக் குறைக்கிற வித்தைகளையெல்லாம் செய்து பார்த்தேன். அந்த வார்த்தை வரவில்லை. நான்காவது முறை ஓட்டப் பட்டனை நோக்கிக் கையை நீட்டினேன்.

"போதும்" என்றார்.

"ஐயா, அந்த ஒரு வார்த்தைதான்... என்னாலதான் அது..."

"நான்தான் அன்னைக்கே கேட்டுட்டேன்ல. ஞாபகம் வந்துருச்சு. இனிப் போகாது."

"என்னன்னுங்கய்யா கூப்பிடுவாக?"

அவர் என்னைப் பார்த்தார். வேகத்தைப் பார்த்த அன்று சிரித்த அதே சிரிப்பு.

"அது எனக்கு" என்றார்.

அடுத்த வருஷம் மகள் வந்து அவரை ஓசூருக்கு அழைத்துப்போனாள். மாடிப்படி ஏற முடியாத அளவுக்கு முழங்கால் போயிருந்தது. புறப்படும் நாளில் காரைக் கீழே நிறுத்திவிட்டுக் கடைக்கு ஆள் அனுப்பினார். இறங்கிப் போனேன். முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். துண்டில் சுற்றிய வெளி டிஸ்க்கை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"ஒண்ணு எங்கிட்ட இருக்கு. இது ஒங்கிட்ட இருக்கட்டும்."

"எங்கிட்டயா? போக்கடிச்சதே நான்தானேங்கய்யா."

"அதனாலதான்" என்றார்.

பின்சீட்டிலிருந்து மகள், "என்னப்பா அது?" என்று கேட்டாள். அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். கார் திரும்பி ரோட்டில் ஏறும்வரை நான் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வருஷம்போல அவ்வப்போது போன் செய்தேன். "நல்லா இருக்கேன். நீ? சரி" என்று முடியும். பிறகு அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மகளின் நம்பரை நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தேன். வேறு யாரோ குடியிருந்தார்கள். அவரைப் பற்றி அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போது எனக்குத் தனிக் கடை இருக்கிறது. டிஸ்க்குகள் வயதாகி இறக்கும் என்பதால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய டிஸ்க்குக்கு மாற்றுகிறேன். ஒரு பிரதி கடையில், ஒரு பிரதி வீட்டில். மாற்றி முடித்ததும் நாற்பத்தேழையும் ஒவ்வொன்றாகத் திறந்து, சில நொடி ஓடவிட்டுச் சரிபார்ப்பேன். மூன்றில் மட்டும், இரண்டாம் முறை ஏற்றும்போது நாடா கெட்டுவிட்டதால், தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். மற்றவை நன்றாக இருக்கின்றன. ஒன்றில் அந்த அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டு, "கேக்குதுல்ல?" என்கிறார். கடையில் ஆள் இல்லாவிட்டால், "கேக்குதும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்ததைத் திறப்பேன்.